வழக்குரைப்புப் பயிற்சி

வழக்குரைப்புப் பயிற்சி என்பது நீதிமன்றத்தில் வாதிடும் திறனைச் சட்டம் பயின்றோருக்குக் கற்பிக்கும் முறை ஆகும். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, எழுத்துமூல வாதம் ஆகியன இதில் அடங்கும்.

இங்கிலாந்தில்

பாரிஸ்டர் ஆக விரும்புவோர் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு கழகங்களுள் ஒன்றில் சேர வேண்டும். பின்னர் மூத்த பாரிஸ்டரிடம் ஓராண்டு பயில வேண்டும். முதல் ஆறு மாதங்கள் தனித்து வாதாட இயலாது. வணிகச் சட்டம் முதலிய துறைகளில் தொழில் புரியும் பாரிஸ்டர்களே இக்கழகங்களில் தன்னார்வமாகக் கற்பிக்கின்றனர்.

ஆஸ்திரேலிய நீதிபதி ஜார்ஜ் ஹாம்பெலின் பெயரால் வழங்கும் முறை இங்கு பின்பற்றப்படுகின்றது. மாணவர் வாதிட்டபின் பயிற்றுநர் ஒரு குறையை மட்டும் சுட்டுவார். மாணவரின் சொற்களையே திருப்பிக் கூறுவார். காரணமும் தீர்வும் விளக்கித் தாமே வாதிட்டுக் காட்டுவார். மாணவர் மீண்டும் வாதிடுவார்.

இந்தியாவில்

வழக்கறிஞர்கள் சட்டம், 1961 பதிவுக்கு முன் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. 1973ஆம் ஆண்டின் திருத்தம் அதனை நீக்கியது. இந்திய பார் கவுன்சில் 1995இல் வகுத்த ஓராண்டுப் பயிற்சி விதிகள் செல்லாது என 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் கொணரப்பட்ட அகில இந்தியத் தகுதித் தேர்வு எழுத்துத் தேர்வு மட்டுமே. வாதத்திறன் அதில் சோதிக்கப்படுவதில்லை.

வணிக வழக்குகள்

வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015இன்படி வழக்கின் குறைந்தபட்ச மதிப்பு ஒரு கோடி ரூபாய். 2018இல் இது மூன்று இலட்சமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப்பகுதிச் சிறு வணிகரின் சரக்கு விற்பனைத் தகராறும் இச்சட்டத்தின்கீழ் வரக்கூடும். அழைப்பாணை கிடைத்த 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாத பிரதிவாதி அவ்வுரிமையை இழப்பார். வழக்கறிஞரின் பயிற்சிக் குறைவால் நேரும் இழப்பு கட்சிக்காரரையே சேர்கின்றது.