மஹரகம என்று சொல்வதற்கு முன்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு மறுபடி இரத்தம் பட்டால், முதலில் எழுவது தொழுகையைப் பற்றிய கேள்விதான். “ராத்தா, இது ஹைழா, இஸ்திஹாழாவா? தொழலாமா?” மாதவிடாய் இரத்தமா, அதற்குப் புறம்பான இரத்தப்போக்கா என்பதுதான் கேள்வி. மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதில் வாங்கிவிடுகிறார்கள். டொக்டரிடம் கேட்க வேண்டியது மட்டும் மாதக்கணக்கில் கிடக்கிறது.

“சுகவனிதையர் கிளினிக்கில பாத்தாச்சே” என்பார்கள் சிலர். எம்.ஓ.எச். அலுவலகத்தில் 35, 45 வயதுகளில் செய்யும் அந்தப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. கர்ப்பப்பையின் உட்சுவரில் நடப்பதை அது சொல்லாது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. ஆகவே ஸ்கேன். உட்சுவர் 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் பயொப்சி.

ஸ்கேனுக்கும் பயொப்சி முடிவுக்கும் இடையில்தான் வீடு கலங்கிப்போகிறது. ஸ்கேன் துண்டில் ‘கட்டி’ என்று கண்டதுமே அயலுக்குள் ‘மஹரகம’ என்று புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பேச்சு அடிபடத் தொடங்கிவிடும். ஆனால் புற்றுநோயைப் போலவே வேடம் போடும் அழற்சி ஒன்று உண்டு: சாந்தோகிரானுலோமட்டஸ் எண்டோமெட்ரைட்டிஸ். மிக அரிது. 1980இல் பக்லி, ஃபொக்ஸ் என்ற நோயியலாளர்கள் இதை ‘ஹிஸ்டியோசைட்டிக் எண்டோமெட்ரைட்டிஸ்’ என்ற பெயரில் எழுதினார்கள்.

முதுமையாலோ கதிர்ச் சிகிச்சையாலோ கர்ப்பப்பைக் கழுத்து சுருங்கி அடைபடுகிறது. உள்ளே சீழ் தேங்க, ஈ.கோலை போன்ற கிருமிகள் பெருகுகின்றன. சிதைந்த திசுக்களின் கொழுப்பை விழுங்க வரும் துப்புரவுக் கலங்கள், வயிறு முட்டத் தின்றவர்கள் பந்தியிலேயே சாய்ந்துவிடுவதுபோல, அங்கேயே நுரைத்துப் பருத்துக் குவிகின்றன. உட்சுவர் இருந்த இடத்தில் மஞ்சளாய், தொட்டால் உதிரும் திணிவு. ஸ்கேனும் ஏமாறும், சத்திரசிகிச்சை நிபுணரின் கண்ணும் ஏமாறும். நுணுக்குக்காட்டியில்கூட வெளிறிய அந்தக் கலங்கள் ‘கிளியர் செல்’ புற்றுநோய் போலத் தெரியலாம். சி.டி.68 சாயம் ஏறி, சைற்றோகெரற்றின் ஏறாவிட்டால் அவை துப்புரவுக் கலங்களே என்று பிடிபடும்.

சீழை வடித்து, அன்டிபயொற்றிக் கொடுப்பார்கள். பலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க நேர்கிறது. வீண் ஒப்பரேஷன் என்று கோபப்படுவோரும் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இதே அழற்சிக்கு அடியில் உண்மையான புற்றுநோய் ஒளிந்திருந்த நோயாளிகளும் உண்டு. அதனால்தான் சிறு திசுத் துண்டொன்றில் ‘அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்தாலும் டொக்டர்மார் அத்தோடு விடுவதில்லை. எடுத்த கர்ப்பப்பையையும் நோயியல் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்.