ஆஸ்கார் ஆரூடம்

ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆஸ்கார் விருது விழா நடைபெறுகிறது. நம் நாட்டில் அப்பொழுது திங்கட்கிழமை விடியற்காலை. மும்பையின் மின்சார ரயிலிலும், தில்லியின் அலுவலகங்களிலும், கொல்கத்தாவின் சிற்றுண்டிச் சாலைகளிலும் அன்று முற்பகல் அதைப் பற்றிய பேச்சு அடிபடும். "இந்தப் படந்தான் வெல்லும் என்று நான் முன்னமே சொன்னேனே!" என்று பெருமைப்படுவோர் எங்கும் சிலர் உண்டு. அவர்களுக்கு அது எவ்வாறு தெரிந்தது? முன்கூட்டி அறிய முறை ஒன்று உண்டா, அல்லது இதுவும் கிளி ஜோசியம் போன்றதொரு பொழுதுபோக்குத்தானா? நேயர்களே, இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். "சிறந்த படம் எது?" என்பது ஒரு கேள்வி. "வெல்லப்போகும் படம் எது?" என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை காண நாம் படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை காண, படத்தைப் பார்த்து வாக்களிக்கும் மனிதரைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களின் கணிப்பே பெரும்பாலும் பொய்த்துப் போகிறது.

இந்த விருதுகளை வழங்கும் அகாடமி 1927 ஆம் ஆண்டு தோன்றியது. முதல் விழா 1929 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. அன்று ஆரூடத்துக்கு இடமே இல்லை. வென்றவர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில், விழா இரவில் வெளியிடலாம் என்ற நிபந்தனையுடன் பத்திரிகைகளுக்கு முடிவுகள் முன்னதாகவே தரப்பட்டு வந்தன. 1940 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை தன் மாலைப் பதிப்பிலேயே அவற்றை அச்சிட்டுவிட்டது. விழாவுக்கு வந்துகொண்டிருந்த விருந்தினர் வழியிலேயே முடிவைப் படித்துவிட்டனர். அதன் விளைவாக 1941 முதல் முத்திரையிட்ட உறை வழக்கத்துக்கு வந்தது. உறை வந்தது, அதனுடன் ஆரூடமும் வந்தது எனலாம்.

இனி, வாக்களிப்போர் யார் என்று காண்போம். அகாடமியின் உறுப்பினர் அனைவரும் திரைப்படத் தொழிலைச் சார்ந்தவர்கள். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் எனத் தத்தம் தொழிலுக்கேற்பப் பல பிரிவுகளாக இருக்கின்றனர். பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கும்போது பொதுவாக அந்தந்தப் பிரிவினரே தம் துறைக்கு வாக்களிக்கின்றனர். நடிப்புக்கு நடிகரும், இசைக்கு இசைவாணரும் பெயர்களைத் தேர்கின்றனர். சிறந்த படத்துக்கான பட்டியலை மட்டும் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து அமைக்கின்றனர். இறுதிச் சுற்றிலோ எல்லாத் துறைகளுக்கும் எல்லோருமே வாக்களிக்கலாம். ஆகவே பட்டியலில் இடம்பெறுவது துறை வல்லுநரின் மதிப்பு. விருது பெறுவது பொதுவான உறுப்பினரின் விருப்பம். ஒளிப்பதிவின் நுட்பம் அறிந்தவர் எந்தப் படத்தை மெச்சுவார் என்று கணக்கிட்டு, இறுதி விருதையும் அதற்கே கொடுத்துவிடுபவர் ஏமாறுவது இதனால்தான்.

இந்த வாக்காளர் கூட்டமும் என்றும் ஒரே தன்மையுடன் இருக்கவில்லை. 2012 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நடத்திய ஆய்வில், உறுப்பினருள் சுமார் 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆடவர் என்று தெரியவந்தது. 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 இடங்களில் ஒன்றுகூட வெள்ளையரல்லாதாருக்குக் கிட்டாமற் போகவே, பெரும் கண்டனம் எழுந்தது. அதன்பின் பெண்களும், பிற இனத்தவரும், அயல்நாட்டினரும் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். 2025 ஆம் ஆண்டளவில் வாக்காளர் தொகை சுமார் 10,000 ஆயிற்று. பத்தாண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தை மட்டும் கொண்டு கணிப்பவர், ஊர் மாறிய பின்னும் பழைய முகவரிக்கே கடிதம் எழுதுபவரை ஒத்தவர்.

வாக்குகளை எண்ணும் முறையும் அறியத்தக்கது. மற்றத் துறைகளில் மிகுதியான வாக்குப் பெற்றவர் வென்றவர், அவ்வளவே. சிறந்த படத்துக்கு மட்டும் 2010 ஆம் ஆண்டு விழா முதல் விருப்ப வரிசை முறை கையாளப்படுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். இம்முறை நமக்குப் புதிதன்று. இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இவ்வகையில்தான். 1969 ஆம் ஆண்டுத் தேர்தலில் முதற் சுற்றில் எவருக்கும் வேண்டிய வாக்குகள் கிட்டாமல், இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னரே வி. வி. கிரி வெற்றி பெற்றதை நேயர்கள் பலர் அறிந்திருப்பர்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 100 வாக்காளர், மூன்று படங்கள். முதல் விருப்பமாக முதற் படத்துக்கு 40, இரண்டாம் படத்துக்கு 35, மூன்றாம் படத்துக்கு 25 வாக்குகள் விழுகின்றன. எதற்கும் பாதிக்கு மேல் இல்லை. எனவே கடைசியில் நிற்கும் மூன்றாம் படம் நீக்கப்பட்டு, அதை விரும்பிய 25 பேரின் இரண்டாம் விருப்பம் பார்க்கப்படுகிறது. அவர்களுள் 20 பேர் இரண்டாம் படத்தையும், 5 பேர் முதற் படத்தையும் குறித்திருந்தால், இரண்டாம் படம் 55 வாக்குகளுடன் வென்றுவிடும். தொடக்கத்தில் முன்னணியில் நின்ற படம் 45 வாக்குகளுடன் தோற்றுவிடும். ஆகவே சிலர் உயிராக நேசித்துப் பலர் வெறுக்கும் படத்தைவிட, பெரும்பாலோர் ஓரளவேனும் விரும்பும் படத்துக்கே இம்முறையில் வாய்ப்பு அதிகம். தேர்ந்த கணிப்பாளர், "இப்படத்தை முதலாவதாக வைப்போர் எத்தனை பேர்?" என்று கேட்பதோடு நில்லாமல், "கடைசியில் தள்ளுவோர் எத்தனை பேர்?" என்றும் கேட்கிறார்.

அடுத்து, முன்னறிகுறிகள். ஆஸ்காருக்கு முந்தைய வாரங்களில் வேறு பல விருதுகள் வழங்கப்படுகின்றன. அவற்றின் மதிப்பு பகட்டைப் பொறுத்ததன்று. அங்கு வாக்களிப்போர் ஆஸ்காருக்கும் வாக்களிப்பவரா என்பதைப் பொறுத்தது. கோல்டன் குளோப் விழா மிகுந்த ஆரவாரத்துடன் நடப்பதுதான். ஆயினும் அங்கு வாக்களிப்போர் பத்திரிகையாளர். அகாடமியில் அவர்களுக்கு வாக்கில்லை. இயக்குநர் சங்கத்தின் விருதோ தொழிலில் உள்ளவர்கள் தருவது. 1940-களின் இறுதியில் தொடங்கிய அந்த விருதைப் பெற்றவருக்கு ஆஸ்கார் கிட்டாமற் போனது 2025 வரை எட்டு முறைதான். தயாரிப்பாளர் சங்கம் மேற்சொன்ன விருப்ப வரிசை முறையையே பின்பற்றுவதால், சிறந்த படத்துக்கு அது நல்ல அறிகுறியாகக் கருதப்படுகிறது.

அறிகுறிகளிலும் காரணமுள்ளவை, காரணமில்லாதவை என இருவகை உண்டு. 1982 முதல் 2014 வரை 33 விழாக்களில், படத்தொகுப்புக்குப் பரிந்துரை பெறாத எந்தப் படமும் சிறந்த படமாகத் தேர்வு பெறவில்லை. இதைப் பலர் மாறாத விதியாகவே எண்ணினர். 2015 இல் பேர்ட்மேன் அதை முறித்தது. ஒரே காட்சியாக இடைவெட்டின்றி ஓடுவது போன்ற தோற்றம் தரும் படம் அது. தொகுப்பின் திறன் கண்ணுக்குப் புலனாகவில்லை போலும். 2022 இல் கோடா என்ற படம் மூன்றே பரிந்துரைகளுடன், இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் இடம்பெறாமலே வென்றது. 12 பரிந்துரைகள் பெற்ற தி பவர் ஆஃப் தி டாக் இயக்கத்துக்கான ஒரே விருதுடன் திரும்பியது. ஆயினும் தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் முன்னதாகவே கோடாவுக்குத் தம் விருதுகளை அளித்திருந்தன. பழைய விதிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் தோற்றனர். வாக்களிப்போரின் மனத்தைக் கவனித்தவர் வென்றனர்.

எனினும் காரணமுள்ள அறிகுறிகளும் கைவிடுவதுண்டு. 2006 இல் ப்ரோக்பேக் மவுண்டன் ஏறக்குறைய எல்லா முன்விருதுகளையும் பெற்றிருந்தும், சிறந்த படமாக க்ராஷ் தேர்வாயிற்று. 2020 இல் 1917 என்ற படம் இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் இரண்டின் விருதுகளையும் பெற்றிருக்க, தென்கொரியாவின் பாரசைட் வென்றது. ஆங்கிலமல்லாத மொழிப் படமொன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. இவ்விரு ஆண்டுகளிலும் வென்ற படங்களுக்கு முன்னதாகக் கிட்டியிருந்த அறிகுறி ஒன்றுண்டு. நடிகர் சங்கம் குழு நடிப்புக்காக அவற்றைப் பாராட்டியிருந்தது. அகாடமியில் நடிகர் பிரிவே மிகப் பெரியது என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

2021 இல் நடந்தது இன்னும் படிப்பினை தருவது. மறைந்த நடிகர் சாட்விக் போஸ்மனுக்கே சிறந்த நடிகர் விருது என்று பெரும்பாலோர் உறுதியாக நம்பினர். வழக்கத்துக்கு மாறாக அந்த விருது விழாவின் இறுதியில் வைக்கப்பட்டது. உறையைப் பிரித்தபோது வந்த பெயர் அந்தனி ஹாப்கின்ஸ். அவர் அரங்குக்கே வந்திருக்கவில்லை. பிரிட்டிஷ் அகாடமி முன்பே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. 2025 இலும் டெமி மூர் வெல்வார் என்று பலர் எண்ணியிருக்க, பிரிட்டிஷ் விருது பெற்ற மைக்கி மேடிசனே வென்றார். அயல்நாட்டு வாக்காளர் பெருகிய பின் அயல்நாட்டு அறிகுறிகளின் மதிப்பும் உயர்ந்திருக்கிறது என்று இதனால் ஊகிக்கலாம்.

இவையெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே என்று சிலர் கருதலாம். முற்றிலும் அப்படிச் சொல்வதற்கில்லை. வாக்காளருக்குக் காலம் குறைவு, படங்களோ மிகுதி. எந்தப் படம் பந்தயத்தில் இருப்பதாகப் பேசப்படுகிறதோ, அதையே அவர் முதலில் பார்க்கிறார். பேசப்படாத படம் பார்க்கப்படாமலே போகிறது. இவ்வாறு ஆரூடம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. அப்பேச்சை எழுப்புவதற்காகப் பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பெரும் பொருள் செலவிடுகின்றன. இக்குறை ஓரளவேனும் நீங்க, ஒரு துறையில் வாக்களிப்பவர் அத்துறையின் பரிந்துரைப் படங்கள் அனைத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாடமி 2025 இல் அறிவித்தது. ஆனால் பட்டியலுக்குள் நுழையும் முன்பே மறக்கப்பட்ட படத்துக்கு இவ்விதி துணை செய்யாது.

நம் நாட்டின் நிலையும் இதனோடு தொடர்புடையதே. அயல்நாட்டுப் படத்துக்கான பிரிவில் ஒரு நாட்டிலிருந்து ஒரு படமே செல்லலாம். தமிழிலிருந்து சென்ற முதல் படம் தெய்வ மகன். மும்பையில் வாழ்ந்த தமிழரின் கதையைச் சொன்ன நாயகனும் பின்னர் அனுப்பப்பட்டது. இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இந்தியப் படங்கள் 2025 வரை மூன்றே: மதர் இந்தியா, சலாம் பாம்பே, லகான். மதர் இந்தியா ஒரே வாக்கில் தோற்றது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அகாடமி வாக்குத் தொகையை வெளியிடுவதில்லை. ஆகவே அது மனத்துக்கு ஆறுதல் தரும் கதையாக மட்டுமே இருக்கக்கூடும்.

2024 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ பரிசு பெற்றது பாயல் கபாடியாவின் ஆல் வி இமேஜின் ஆஸ் லைட். சொந்த ஊரை விட்டு மும்பைக்கு வந்து பணிபுரியும் மலையாளச் செவிலியரின் வாழ்வு அது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு அந்தத் தனிமை விளங்காததன்று. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதோ லாபதா லேடீஸ். இரண்டுமே ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இல்லை. மாறாக, 2023 இல் ஆர். ஆர். ஆர். படம் நாட்டின் அதிகாரபூர்வத் தேர்வாக இல்லாமலே, நாட்டு நாட்டு பாடலுக்காக விருதை வென்றது. அதே மேடையில், முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் எடுக்கப்பட்டு, பெரும்பகுதி தமிழில் அமைந்த தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் குறும் ஆவணப் படத்துக்கான விருதைப் பெற்றது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கணிப்பு மூடநம்பிக்கையன்று, வாக்காளர் யார், எண்ணும் முறை யாது, அவர்கள் மனம் முன்பு எவ்வாறு வெளிப்பட்டது என்ற மூன்றையும் அறிந்தவர் பெரும்பாலும் சரியாகவே சொல்வார். ஆயினும் அவர் சொல்வது சுமார் பத்தாயிரம் பேரின் விருப்பத்தைத்தான். படத்தின் தகுதியை அன்று. நம் படமொன்று பட்டியலில் இடம்பெறாதபோது அது தாழ்ந்துவிட்டதாக வருந்த வேண்டுவதில்லை. இடம்பெறும்போது அன்றுதான் உயர்ந்ததாக எண்ணவும் வேண்டுவதில்லை. அடுத்த விழாவுக்கு முன் நேயர்கள் இரு பட்டியல்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் வெல்லக்கூடியவை, மற்றொன்றில் தம் மனத்துக்கு உகந்தவை. முதற் பட்டியல் அந்தத் திங்கட்கிழமையோடு பயனற்றுப் போகும். இரண்டாவதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓய்வு கிடைக்கும்போது மீண்டும் பார்க்க வேண்டிய படங்கள் அதில்தான் இருக்கும்.