தாருக்கும் மணலுக்கும் ஒரே வண்டி

நைஜர் நாட்டின் வடகிழக்கே தெனேரே என்னும் பெருவெளி கிடக்கின்றது. சகாராவின் ஒரு பகுதி அது. துவாரெக் மக்களின் மொழியில் அச்சொல்லுக்குப் பொருளே பாலை என்பதுதான். அங்கே ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வேறு மரமில்லை. ஒட்டக வணிகர் அதனைக் குறியாகக் கொண்டே வழி கண்டனர். 1973ஆம் ஆண்டில் லொறியொன்று மோதி அம்மரத்தை வீழ்த்திவிட்டது! அத்துணைப் பெரிய வெளியில் அந்த ஒன்றை விலகிச் செல்ல இயலாமற் போயிற்றே என்று நாம் வியக்கிறோம். இப்போது அவ்விடத்தில் இரும்பினாற் செய்த மரம் நிற்கிறது.

இத்தகைய நிலத்தின் பெயரை ஜப்பானிய யமஹா நிறுவனத்தார் தமது மோட்டார் சைக்கிளுக்குச் சூட்டியது ஏன்?

தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977இல் அபிஜானிலிருந்து நீஸ் நகருக்கு நடந்த ஓட்டப் பந்தயத்தில், சகாராவில் வழி தவறி, உயிர் தப்பி மீண்டார். வேறொருவராயின் மணலைத் திரும்பியும் பார்த்திரார். அவரோ அடுத்த ஆண்டிலேயே பாரிஸிலிருந்து செனகலின் டக்கார் வரை, ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒரு பந்தயம் வகுத்தார். 1978 டிசம்பர் 26ஆந் திகதி 182 வண்டிகள் புறப்பட்டன. டக்காரை அடைந்தவை 74. முதலிடம் பெற்றவர் சிறில் நவோ. அவர் ஏறிச் சென்றது யமஹா எக்ஸ்.டி. 500, ஒற்றைச் சிலிண்டர் கொண்டது, கடையில் எவரும் வாங்கக்கூடியது. 1980இலும் அதே வகை வண்டியில் அவரே வென்றார். சபீன் 1986இல் இப்பந்தயத்தின்போதே, மாலி நாட்டில் ஹெலிகொப்டர் வீழ்ந்து இறந்தார்.

1983இல் 'தெனேரே' என்ற பெயருடன் 600 வகை வண்டி வந்தது. அதன் பெற்றோல் தாங்கி ஏறக்குறைய 30 லீற்றர் கொள்ளும். பாலையில் அடுத்த பெற்றோல் எங்கே கிடைக்குமென்று எவர் சொல்லவல்லார்? ஆயினும் 30 லீற்றர் பெற்றோல் 22 கிலோ நிறை. அது முழங்கால்களுக்கிடையே உயரத்தில் அமர்ந்தால், மணலில் வண்டி ஒருபக்கம் சாயும்போது தாங்கிப் பிடிப்பது எளிதன்று. தூரம் வேண்டுமா, இலேசு வேண்டுமா என்ற இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

2019இல் விற்பனைக்கு வந்த தெனேரே 700 வண்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், 689 கன சென்ரிமீற்றர், ஏறக்குறைய 73 குதிரைவலு. தாங்கி 16 லீற்றராகக் குறைந்தது. முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18 அங்குலம். இரண்டும் கம்பிச் சில்லுகள். தார் வீதிக்கென்றே செய்த வண்டிகளுக்கு 17 அங்குல அகன்ற சில்லே வழக்கம். வளைவுகளில் அது விரைந்து திரும்பும். ஆனால் பெரிய ஒடுங்கிய சில்லுதான் கல்லின்மேல் ஏறியிறங்கும், மணலை வெட்டிச் செல்லும். எனவே தார் வீதியில் இவ்வண்டி சற்று நிதானமாகவே திரும்புகிறது. அதனைக் குறையென்று கொள்ள நாம் விரும்பவில்லை.

தடுப்பு முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டியை நிறுத்தும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமற் காக்கும் சாதனம் மழை நனைந்த தார் வீதியில் உயிர்காப்பது. கிரவல் வீதியிலோ, பூட்டிய சில்லு தன்முன்னே மண்ணைக் குவித்துத் தானே தடையிட்டுக்கொள்கிறது. அவ்விடத்தில் அச்சாதனம் சில்லை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வண்டி வெகுதூரம் ஓடிவிடும். ஆகவே வேண்டியபோது அதனை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் வைத்துள்ளனர். தார் வீதிக்குத் திரும்பியதும் மறவாது மீண்டும் இயக்குதல் வேண்டும்.

ஆசனத்தின் உயரம் 875 மில்லிமீற்றர். நம்மவருட் பலருக்குக் கால்விரல் நுனிதான் நிலந்தொடும். பெற்றோல் நிரம்பியபோது நிறை ஏறக்குறைய 205 கிலோ. அதாவது நான்கு சீமெந்து மூட்டைக்குச் சற்று மேல். 23 லீற்றர் கொள்ளும் இன்னொரு வகையும் 2022இல் வந்தது. அது இன்னும் பாரம். தனித்துச் செல்வோர் குதிரைவலுவைப் பற்றி வினவுமுன், விழுந்த வண்டியைத் தாம் ஒருவராய் நிமிர்த்த இயலுமா என்று பார்த்துக்கொள்வதே முறை.

நிமிர்த்துவதற்கும் வழியொன்று உண்டு. முதலில் எஞ்சினை நிறுத்தி, உருளாதபடி கியரில் விடவேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால், இடப்பக்கத்துக் கால்தாங்கியை முன்னரே விரித்துவிட வேண்டும். இன்றேல் நிமிர்ந்த வண்டி மறுபுறம் சாய்ந்துவிடும். பின்னர் ஆசனத்துக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் கைபிடியையும் மறுகையால் பின்சட்டத்தையும் பற்றி, முதுகை வளைக்காது கால்களின் வலுவினால் சிற்றடி வைத்துப் பின்னோக்கி நடக்கவேண்டும். வண்டி மெல்ல எழும்பும்.