வண்டியை உள்ளபடி உரைத்தல்

பிரிட்டனில் மே மாதம் பிறந்து பகற்பொழுது நன்றாக நீண்டுவிட்டதும், படுக்கையையும் அடுப்பையும் ஒரு வேனுக்குள்ளேயே அமைத்துக்கொண்டு கார்ன்வால் கடற்கரையை நோக்கியும் ஸ்காட்லாந்து மலைநாட்டை நோக்கியும் புறப்படும் குடும்பங்களை நெடுஞ்சாலைகளில் எங்கும் காணலாம். வண்டி பகலெல்லாம் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். இரவு வந்ததும் அது முறையாக நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அளிக்கும் முகாம்தளங்கள் பலவும் இன்று இணையத்தின் வழியாகப் பதிவு செய்கின்றன. வண்டியைத் தளத்துக்காரர் பார்த்ததில்லை. பார்க்கப்போவது நாம் போய்ச் சேரும் மாலைப்பொழுதில்தான். அதுவரை, நாம் படிவத்தில் எழுதிய ஐந்தாறு சொற்களை ஆதாரமாகக் கொண்டே அவர் தமது நிலத்தில் நமக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆகவே அந்தச் சொற்கள் பிழையாக இருந்தால், பிழையான இடத்தில்தான் போய் நிற்க நேரும்.

படிவம் முதலில் கேட்பது வண்டியின் வகையை. கூடாரம், கேரவன், கேம்பர்வேன், மோட்டர்ஹோம் என்று ஒரு பட்டியல் விரியும். நம்மவர் தடுமாறும் முதல் இடம் இதுவே. திரைப்படப் படப்பிடிப்புகளின் புண்ணியத்தால் தமிழ்நாட்டில் கேரவன் என்றால் தானே ஓடும் சொகுசு வண்டி என்று பொருளாகிவிட்டது. பிரிட்டனிலோ அது எஞ்சின் இல்லாத, காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. வேனின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் வசிப்பிடமாக்கியது கேம்பர்வேன். ஓட்டுநர் பகுதிக்குப் பின்னால் தனியாக ஒரு வீட்டுக்கூட்டையே கட்டி ஏற்றியது பெரும்பாலும் மோட்டர்ஹோம் எனப்படும்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூர்வீகம் உண்டு. கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்று எழுத்தாளரான கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் தமக்கென ஒரு குதிரைவண்டி வீட்டைச் செய்வித்துக்கொண்டு தேசசஞ்சாரம் செய்தார். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட கேரவன்களின் சரித்திரம் அதிலிருந்து எழுதப்படுகிறது. கேம்பர்வேனின் கதை அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1947இல் பென் பான் என்ற டச்சு வியாபாரி ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய படத்திலிருந்து உருப்பெற்ற வோக்ஸ்வாகன் வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. அதற்குள் பொருத்தக்கூடிய படுக்கையும் அலமாரியும் கொண்ட பெட்டியை வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி செய்யத் தொடங்கியதும், வேனும் வீடும் ஒன்றாயின.

ஆயினும் வகையின் பெயரோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ஒரு கேம்பர்வேன் 5 மீட்டருக்குக் குறைவாகவும் இருக்கலாம், 7 மீட்டரைத் தொடுவதாகவும் இருக்கலாம். தளத்துக்காரருக்கு உண்மையில் வேண்டியது, வண்டி தம் நிலத்தில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்ற கணக்கு. இந்தக் கணக்கின் வேர் நெருப்பைப் பற்றிய அச்சத்தில் இருக்கிறது. துணியும் பிளாஸ்டிக்கும் சமையல் வாயுவும் நெருங்கி நிற்கும் திடலில் ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாதிருக்க வேண்டுமென்று, ஒரு குடும்பம் தங்கும் வண்டிக்கும் அடுத்த குடும்பம் தங்கும் வண்டிக்கும் இடையே பொதுவாக 6 மீட்டர் தூரம் அங்கே அனுசரிக்கப்படுகிறது. பந்தலோ காரோ இடையில் வந்தாலும் 3 மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். தளத்தின் உரிமமே இவ்வாறான நிபந்தனைகளுக்கு உட்பட்டதாதலால், நீளத்தைக் குறைத்துச் சொன்ன விருந்தாளிக்காகத் தளத்துக்காரர் இரக்கப்பட்டாலும் செய்யக்கூடியது சொற்பமே.

எனவே நீளத்தை விற்பனை விளம்பரத்திலிருந்து எடுத்து எழுதாமல், டேப்பை வைத்து அளந்து எழுதுவதே உசிதம். வோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6 வகையில் குட்டையானதை எடுத்துக்கொள்வோம். கம்பெனிக் கணக்கில் அதன் நீளம் 4.90 மீட்டர். பின்கதவில் சைக்கிள் தாங்கி மாட்டி இரண்டு சைக்கிள்களை ஏற்றிவிட்டால் ஏறக்குறைய அரை மீட்டர் கூடிவிடும். அகலம் 1.90 மீட்டர் என்று புத்தகம் சொல்லும். இருபுறத்துக் கண்ணாடிகளையும் சேர்த்து அளந்தால் அது 2.30 மீட்டர். மேற்கூரையைத் தூக்கிப் படுக்கை விரிக்கும் வகையானால், ஓடும்போது 2 மீட்டரை ஒட்டி நிற்கும் உயரம் இரவில் கணிசமாக ஏறிவிடும். மரக்கிளை தாழ்ந்த மூலையில் அந்தக் கூரை திறக்காது. நீளமான ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டியதானால் நீளம் 5.99 அல்லது 6.36 மீட்டர், உடலின் அகலம் மட்டுமே 2.05 மீட்டர். இந்த எண்களைத் தெரிந்துகொண்ட தளத்துக்காரர் இடத்தை மட்டுமின்றி வழியையும் சொல்வார். ஏரி மாவட்டத்து ஹார்ட்நாட் கணவாயைப் போல மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் செங்குத்தாக ஏறும் சாலைகளும், எதிரே ஒரு கார் வந்தாலே பின்வாங்க வேண்டியிருக்கும் டெவன் நாட்டு ஒற்றைத்தடச் சந்துகளும் உள்ள தேசத்தில், அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு மிகப் பெரிது.

இனி ஆனிங் எனப்படும் துணிப்பந்தல். கேம்பர்வேன்காரர் மிகுதியாக மறந்துவிடுவது இதையே என்பது என் அபிப்பிராயம், மறக்கக்கூடாததும் இதுவே. வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்து, வேண்டும்போது இழுத்து நிழல் செய்துகொள்ளும் பந்தல் ஒருவகை. அது வண்டியோடு வந்து வண்டியோடு போய்விடும். மற்றொரு வகை தனியே நிற்கக்கூடியது. வண்டி பகலில் ஊர் சுற்றப் போனாலும் தன் கால்களிலேயே நின்று இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பந்தலை, தளத்துக்காரர் நோக்கில் ஒரு கூடாரம் என்றே கொள்ள வேண்டும். வண்டியின் அகலம் 2 மீட்டரானால், பந்தல் ஏறக்குறைய 3 மீட்டர் வெளியே நீளும். கயிறும் முளையும் அதற்கும் அப்பால் போகும். படிவத்தில் ‘பந்தல் உண்டா’ என்று ஒரு சிறு கட்டம் இருப்பதும், பல தளங்களில் அதற்குத் தனிக்கட்டணம் இருப்பதும் இக்காரணத்தாலேயே. பந்தல் எந்தப் பக்கம் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பிரிட்டிஷ் வண்டிகளில் நகர்கதவு பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான வண்டியில் வலப்புறம் இருக்கக் காணலாம். எல்லா வண்டிகளும் ஒரே பக்கம் பந்தல் போடும் என்று எண்ணி வரிசை பிரித்த திடலில், வலப்புறக் கதவுள்ள வண்டி ஒன்று சொல்லாமல் வந்து நின்றால், அண்டை வீட்டார் பந்தலும் அதன் பந்தலும் முகத்தோடு முகம் மோதும்.

மின்சாரத்தைப் பற்றிய கேள்விக்கு நம்மவர் யோசியாமலே ‘வேண்டும்’ என்று குறித்துவிடுகிறார்கள். வண்டியில் வெளியிணைப்புக்கான நீலநிற மூன்றுமுனைச் செருகி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டிலேயே தச்சு வேலை செய்து மாற்றிய சிறு வேன்கள் சிலவற்றில் அது இராது, பணம் கட்டிப் பெற்ற மின்சாரம் கம்பத்திலேயே நின்றுவிடும். செருகி இருந்தால், வழக்கமான 25 மீட்டர் கம்பி கைவசம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுருளாகவே விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சூடேறி உருகக்கூடுமாதலால், முழுவதும் பிரித்துத் தரையில் பரப்பிவிட வேண்டும். அடுத்தது அளவு. தளத்துக்குத் தளம் 6, 10, 16 ஆம்பியர் என்று மாறும். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் முறையே 1380, 2300, 3680 வாட். பிரிட்டிஷ் வீடுகளில் தேநீருக்கு வெந்நீர் வைக்கும் மின்கெண்டி ஒன்றே 3000 வாட் வரை இழுக்கக்கூடியது. வீட்டுச் சமையலறையிலிருந்து அதை எடுத்து வந்து 10 ஆம்பியர் கம்பத்தில் செருகினால், கம்பத்துச் சுவிட்ச் ட்ரிப் ஆகிவிடக்கூடும். சில தளங்களில் அந்தப் பெட்டி பூட்டியிருக்குமாகையால் காப்பாளரைத் தேடிப்போய் எழுப்ப வேண்டும். 1000 வாட்டுக்குக் குறைந்த முகாம் கெண்டி இதற்கென்றே விற்கிறது. வாயு அடுப்பும், தனி பாட்டரியும் உள்ள கேம்பர்வேன் இரண்டு மூன்று இரவுகள் மின்சாரமின்றியே சௌகரியமாக நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

தரையைப் பொறுத்தவரை, புல்தரை என்றும் சரளை பரப்பிய கெட்டித்தரை என்றும் இரண்டு உண்டு. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி மழையில் ஊறிய புல்லில் அழுந்திவிட்டால் டிராக்டரை அழைத்து இழுக்க வேண்டியிருக்கும். கெட்டித்தரையில் வண்டி நிற்கும். பந்தல் முளைதான் இறங்காது.

கழிப்பறை பற்றிய கேள்வி அந்தரங்கமானதாகத் தோன்றினாலும் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. பிரிட்டனின் இரண்டு பெரிய சங்கங்கள், 1901இல் தோன்றிய கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பும் 1907இல் தோன்றிய கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப்பும், பண்ணைகளிலும் தோட்டங்களிலும் ஐந்து வண்டிகளுக்கு மேற்படாத சிறு தளங்களுக்குத் தம் உறுப்பினர்களின் பொருட்டு அங்கீகாரம் அளித்து வருகின்றன. அழகிலும் அமைதியிலும் இணையற்ற இத்தளங்களில் பலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவை ஊற்றும் இடமும் அன்றி வேறொன்றும் இராது. வண்டிக்குள் கழிப்பறை இல்லாதவர் இங்கே ‘உண்டு’ என்று எழுதிவிட்டால் அவதி அவருக்கு மட்டுமன்று. பெருந்தொற்றுக்குப் பின் 2020 ஜூலை 4ஆம் தேதி இங்கிலாந்தில் முகாம்தளங்கள் மறுபடி திறந்தபோது, பொதுக் கழிப்பறைகளை மூடி வைத்திருந்த தளங்கள் சொந்த வசதியுள்ள வண்டிகளை மட்டுமே ஏற்றன. தூக்கிச் செல்லும் ரசாயனக் கழிப்பறை மட்டும் இருந்தால் அதை அப்படியே எழுதுவது போதும். பல தளங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன.

வேனைத் தாமே மாற்றியமைத்தவர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. நம்மூர் ஆர்.சி. புத்தகத்துக்கு ஒப்பான பிரிட்டிஷ் பதிவுச் சான்றில் உடல்வகை ‘மோட்டர் கேரவன்’ என்று பதிவாக வேண்டுமானால், உள்ளே குறைந்தது 1.8 மீட்டர் நீளமுள்ள படுக்கை முதலிய வசதிகள் இருப்பதோடு, வெளித்தோற்றமும் அப்படியே காண வேண்டும் என்கிறது ஓட்டுநர், வாகனப் பதிவு நிறுவனமான டி.வி.எல்.ஏ. நிரந்தர உயரக்கூரை கணக்கில் சேரும்; தூக்கித் திறக்கும் கூரை சேராது. இதனால் உள்ளே பூரணமான வீடாக இருந்தும் காகிதத்தில் ‘ஜன்னலுள்ள வேன்’ என்றே நிற்கும் வண்டிகள் உள்ளன. தளத்துக்காரர் காகிதத்தைக் கேட்பதில்லை. ஆனால் தொழில் வேன்களை அனுமதிப்பதில்லை என்று விதி வைத்திருக்கும் தளங்கள் உண்டு. வெளியே சாதாரண சரக்கு வேனைப் போலத் தோன்றும் வண்டி வாசலில் தடைபடாதிருக்க, உள்ளே படுக்கை, அடுப்பு, மேஜை எல்லாம் பொருத்தப்பட்ட கேம்பர்வேன் என்று முன்னதாகவே ஒரு வரி எழுதிவிடுவது நலம்.

கட்டணம் குறைவு என்பதற்காகக் கேம்பர்வேனைக் கூடாரம் என்று பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் சிறு தந்திரமாகக் கருதவில்லை. கூடாரத் திடல்களில் பலவற்றில் வண்டிகள் பிரவேசிக்கவே கூடாது. தரை மிருதுவானது, குழந்தைகள் ஓடியாடும் இடம் அது. இப்படி வந்து சேரும் வண்டியைத் திருப்பி அனுப்பும் உரிமை தளத்துக்காரருக்கு உண்டு. காரின் உச்சியில் விரியும் கூரைக்கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உண்மையான ஐயம் எழும். சில தளங்கள் அதைக் கூடாரம் என்கின்றன, சில கேம்பர்வேன் என்கின்றன, சில ஏற்பதேயில்லை. கேட்டுத் தெளிவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பெரும்பாலான படிவங்களின் அடியில் ‘வேறு குறிப்புகள்’ என்று ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள். ‘வி.டபிள்யூ டி6 கேம்பர்வேன், சைக்கிள் தாங்கியுடன் 5.4 மீட்டர், தூக்கும் கூரை, இடப்புறம் 3 மீட்டர் தனிப்பந்தல், மின்இணைப்பு தேவை, வண்டிக்குள் கழிப்பறை இல்லை, பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர், பகலில் வண்டி வெளியே போகும்’ என்று எழுதினால், தளத்துக்காரர் அறிய வேண்டியது யாவும் அதில் அடங்கிவிடும். வாடகை வண்டியானால் பதிவெண் கையில் கிடைக்கும் நாளில்தான் தெரியும். வாசலில் எண்ணைப் படித்துத் தடுப்பைத் திறக்கும் காமிரா உள்ள தளங்களுக்கு அன்றே அதைத் தெரிவித்துவிட வேண்டும். பதிவு செய்த பிறகு பெரிய வண்டி மாறி வந்தாலும், பந்தல் ஒன்று புதிதாகச் சேர்ந்தாலும், புறப்படுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் மாதத்து வாரக்கடைசியில் இடமெல்லாம் நிரம்பிய தளத்தில், மாற்றித் தருவதற்கு வேறு இடம் இராது.