கத்தியின் குளிர்ச்சியும் கூரையின் வெம்மையும்

விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் தொழிலாள நண்பர்கள் நாள்தோறும் உணரும் செய்தி ஒன்றுண்டு. கத்தியின் மரப்பிடி கைக்கு இதமாயிருக்கும். இரும்பு அலகோ சில்லென்றிருக்கும். இரண்டும் இரவு முழுவதும் ஒரே இடத்தில் கிடந்தவை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவையே காட்டும். அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால்?

கையைவிடக் குளிர்ந்த பொருளைத் தொட்டால், கையின் வெப்பம் அப்பொருளுக்குப் பாய்கின்றது. இரும்பு அவ்வெப்பத்தை விரைந்து உள்வாங்கிக் கடத்திவிடுகின்றது. ஆதலின் கை குளிர்கின்றது. மரம் மெதுவாகவே கடத்துகின்றது. இப்பண்பினை வெப்பக் கடத்துதிறன் என்பர்.

ஒரு மீட்டர் கனமும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உடைய பொருளின் இருபுறத்திற்கும் இடையே ஒரு பாகை செல்சியஸ் வேறுபாடு இருக்கையில், அதனூடே எத்தனை வாட் வெப்பம் செல்கிறது என்பதே இதன் அளவு. செம்புக்கு இது ஏறத்தாழ 400, அலுமினியத்திற்கு 235, இரும்புக்கு 80, எவர்சில்வருக்கு 15. செங்கல்லுக்கு ஒன்றுக்கும் குறைவு. மரத்திற்கும் ரப்பருக்கும் சுமார் 0.15. அசையாத காற்றுக்கோ 0.025 மட்டுமே. உலோகங்களில் தடையின்றி உலவும் மின்னணுக்களே வெப்பத்தைச் சுமந்து செல்கின்றன.

சமையலறையில் இவ்வறிவு கையைக் காக்கும். சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடித்தல் கூடாது. உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே காற்று உண்டு. துணி நனைந்தால் அவ்விடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்; கை வெந்துவிடும்.

இனி, வீட்டுக் கூரையைப் பார்ப்போம். பண்டைய கோலாலம்பூரில் அத்தாப்பு வேய்ந்த வீடுகளே மிகுதி. ஓலைகளுக்கிடையே தங்கிய காற்று வெயிலைத் தடுத்தது. ஆனால் தீயைத் தடுக்கவில்லை. 1881ஆம் ஆண்டில் நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1884இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப் பணித்தார். அதற்கான செங்கற் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

பின்னர்த் தோட்ட லயங்களில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம் கூரையாயிற்று. அது தீப்பற்றாது, மழைக்கும் தாங்கும். ஆயினும் மெல்லிய தகடாதலின் வெயிலின் வெப்பம் உடனே மறுபுறம் சேர்கின்றது. நண்பகலில் அதன்கீழ் உறங்கும் குழந்தையே பெரிதும் வாடுகின்றது.

இதற்கு வழியுண்டு. கூரைக்குக் கீழே இடைவெளி விட்டு மரப்பலகையால் உட்கூரை அமையுங்கள். இடையிலுள்ள காற்றும் பலகையும் வெப்பத்தைத் தடுக்கும். சூடேறிய காற்று வெளியேற முகட்டருகே திறப்பு வையுங்கள். தகரத்தின் மேற்புறம் வெள்ளைச் சாயம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். தொட்டிலையும் பாயையும் உட்கூரை உள்ள அறையிலேயே இடுங்கள்.

நாம் சேகரிக்கும் பாலிலிருந்து செய்யப்படும் நுரைரப்பர் வெப்பத்தைத் தடுப்பதும் இம்முறையிலேயே. அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்றே அங்குக் காவலனாய் நிற்கின்றது.