64 பிட் லினக்ஸில் 32 பிட் நிரல் ஓடுவது எப்படி?

பழைய 32 பிட் நிரல் இன்றைய 64 பிட் கணினியில் ஓடுகிறதே, எப்படி? பாதி வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. 2003-ல் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான் முதல், பழைய கட்டளைகளை அப்படியே நிறைவேற்றும் இணக்க நிலை இவ்வகைச் சிப்புகளில் உண்டு. சிக்கல் மீதிப் பாதியில்தான்.

கோப்பைத் திறக்கவோ திரையில் எழுதவோ நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னலைத்தான் கேட்க வேண்டும். கேட்பது எண் வழியாக. லினக்ஸில் 'எழுது' என்பதற்கு 32 பிட் நிரல் 4 என்கிறது. 64 பிட் நிரலோ 1 என்கிறது. பழைய பட்டியலில் அந்த 1-க்கு, 'என்னை முடித்துவிடு' என்று பொருள்! எனவே கெர்னல் இரண்டு பட்டியல்களையும் வைத்துக்கொண்டு, அழைப்பு எந்த வாசலில் வந்தது என்று பார்த்து உரியதைப் புரட்டுகிறது. முகவரிகள் அங்கே 4 பைட், இங்கே 8 பைட். அதனால் பல தரவுக் கட்டமைப்புகளையும் மாற்றி அடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் பெயர் 'ஐஏ32 எமுலேஷன்'. பெயரை நம்ப வேண்டாம். கட்டளைகளை இயக்குவது சிப்தான், பாவனை எதுவும் இல்லை.

பிறகு ஏன் சிலர் இதை அணைக்கிறார்கள்? அதிகம் புழங்காத மூலையில்தான் ஓட்டைகள் நெடுநாள் ஒளிந்திருக்கும். 2010-ல் இந்த இணக்கப் பகுதியில் கண்டறியப்பட்ட பிழை, சாதாரணப் பயனருக்கு நிர்வாகி அதிகாரத்தையே தந்தது. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பிலிருந்து, கெர்னலை மறுபடி கம்பைல் செய்யாமலே, கணினி துவங்கும்போது இதை அணைக்கலாம்.

சர்வர் நடத்துபவர்கள் தாராளமாக அணைக்கலாம். பழைய விளையாட்டுகள் ஆடுபவர்கள் இதில் கை வைக்காதீர்கள்.