மூச்சை அடக்காதீங்க!

சிப்காட்டில் இன்-பிளான்ட் டிரெய்னிங் போனவங்க ‘பி.ஏ. செட்’ பார்த்திருப்பீங்க. விஷவாயு இருக்கக்கூடிய டேங்குக்குள் இறங்குபவர் முதுகில் ஒரு சிலிண்டர், முகத்தில் மாஸ்க். நல்ல காற்றைக் கூடவே சுமந்துபோகிற ஏற்பாடு. அதே ஐடியாவைத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோனால் அதுதான் ஸ்கூபா. ஃபைனல் இயர் டூர் லிஸ்ட்டில் இப்போ இதுவும் சேர்ந்துவிட்டதால், இறங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியதை எழுதுகிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு இன்ஜினியர் கதை இருக்கு. இரண்டாம் உலகப் போர் சமயம், பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு. எமில் கஞ்ஞான் என்ற இன்ஜினியர், கார்களை கேஸில் ஓட்டுவதற்கான ரெகுலேட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்டோவுக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுதான்: மூச்சு இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்திலேயே காற்று தரும் ஒரு வால்வு. இருவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். 1943-ல் கூஸ்டோ அதை மாட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலின் பாறைக் கரையோரம் இறங்கினார்.

ஏன் பாறை? ஏன்னா உயிர்கள் கூடுகிற இடம் அதுதான். நம் கரையை ஒட்டிய கடலடி பெரும்பாலும் மணலும் சேறும். நடுவில் அங்கங்கே தலைதூக்கும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். சிப்பி, கொட்டலசு, கடற்பஞ்சு எல்லாம் குஞ்சுப் பருவத்தில் தண்ணீரில் மிதக்கும். பிறகு ஒட்டிக்கொள்ள கெட்டியான தளம் வேணும். சேற்றில் அது கிடைக்காது. அவை ஒட்டினால் தின்ன மீன் வரும். பொந்துகளில் சிங்கி இறால், களவா, அஞ்சாலை குடியேறும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக் கரையோரம் பல இடங்களில் கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கியதும் இதே கணக்கில்தான். அவை செயற்கைப் பார்.

பாறையோடு குளிர்ந்த தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் விசேஷம். காற்று மேல்மட்டத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டால், அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். கலிபோர்னியாவில் பாறைகள் மேல் கெல்ப் என்ற கடற்பாசி காடாகவே வளர்வதற்கு இது முக்கியக் காரணம். சாதகமான நிலையில் அது நாளுக்கு அரை மீட்டர் வரை வளரும். நம்ம கடல் அவ்வளவு குளிராது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இதே மாதிரி அடித்தண்ணீர் மேலேறும். குளச்சல், முட்டம் பக்கத்துப் பாறைகளில் சிப்பி அப்பிக் கிடக்கும். அதை எடுக்க மூச்சடக்கி மூழ்குவது அங்கே ஒரு தொழில்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பும் பார் மேல் நடந்ததுதான். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து சர்ரென்று இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்கி, மேலே வருவார்கள். 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இப்போ முக்கியமான விஷயம். அவர்கள் மூச்சை அடக்கினார்கள். நீங்க அடக்கவே கூடாது. ஏன்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் சுமார் 1 பார் கூடும். (இது பிரஷர் பார், பாறை இல்லை!) மேலே 1 பார், 10 மீட்டரில் 2 பார். முத்துக்குளிப்பவர் 6 லிட்டர் காற்றோடு இறங்கினால், 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்தால் மறுபடி 6. பாயில் விதி, பிளஸ் ஒன்னில் படிச்சதுதான்.

நீங்களோ 10 மீட்டரில் இருந்தபடியே 2 பார் அழுத்தக் காற்றை 6 லிட்டர் இழுக்கறீங்க. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. கிழியும், காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நுரையீரல் நிறைய காற்று இருந்தால் இதற்கு ஒன்றரை மீட்டர் ஆழமே போதும். அதனால் ‘நாலஞ்சு மீட்டர்தானே’ என்று அலட்சியம் வேண்டாம். விரிவு விகிதம் அதிகமாக இருப்பது மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான்.

காற்றுக் கணக்கும் இதே விதிதான். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் செலவானால் கரையில் 120 நிமிஷம் வரும். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், செலவும் மூணு மடங்கு. அதனால் 40 நிமிஷம்தான். 50 பார் மிச்சம் வைத்து ஏறணும் என்ற வழக்கத்தையும் சேர்த்தால் 30.

நைட்ரஜன் வேறு இருக்கு. அழுத்தத்தில் அது ரத்தத்தில் கரையும். வேகமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாகும். அதனால்தான் நிமிஷத்துக்கு சுமார் 9 மீட்டர் வேகத்துக்கு மேல் ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்கச் சொல்கிறார்கள். டைவ் முடித்த அன்றே ஃப்ளைட் ஏறக் கூடாது என்பதும் இதற்காகத்தான். அந்தமான் டூர் போடுறவங்க, கடைசி நாளில் டைவ் வைக்காதீங்க.

பணம் கட்டுமுன் மெடிக்கல் ஃபார்ம் ஒன்று தருவார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிச்சிட்டுப் போகாதீங்க. ஆஸ்துமாவோ, சளியில் மூக்கடைப்போ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்க. அன்னைக்கு டைவ் போனால் போகட்டும். இன்ஸ்ட்ரக்டருக்கு சர்டிபிகேட் இருக்கா, ஒருத்தர் எத்தனை பேரைக் கூட்டிப் போறார் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கீழே போனதும் பாறையைத் தொடாதீங்க, துடுப்புக் காலால் உதைக்காதீங்க. அங்கே ஒட்டியிருப்பது எல்லாம் உயிர். பயம் வந்தால் நில்லுங்க, இன்ஸ்ட்ரக்டருக்குக் கை காட்டுங்க. என்ன ஆனாலும் மூச்சு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும்.